ஒரே கல்லூரிக்கு இரண்டு வாசல்
மும்பைத் தமிழரும் சாதிச் சான்றிதழ்த் தீர்ப்புகளும்: ஒரு வாசிப்பு

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "மாட்டுங்காவின் பழைய நாட்களைப் பற்றி எழுதுங்களேன்" என்றார்கள். எழுத ஆசைதான். கிங்ஸ் சர்க்கிள், மார்க்கெட் பூக்கடைகள், வாழை இலைச் சாப்பாடு, கச்சேரிகள் என்று எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதுபவர்கள் நம்மில் உண்டு; எழுதியும் இருக்கிறார்கள். நான் வேறொன்றை எழுத அனுமதி கேட்டேன். மாட்டுங்காவிலிருந்து சயான் பக்கம் நடந்தால் அரை மணி நேரத்தில் தாராவி வந்துவிடும். இந்த அரை மணி தூரத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைக்கும் உரிமையும் இன்னொரு தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைக்காத உரிமையும்தான் என் பொருள்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தாராவியில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அங்கே படித்த ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. அப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒருநாள் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். ஊர்த் தாசில்தார் கொடுத்த ஆதிதிராவிடர் சான்றிதழ். "சார், இது இங்க செல்லுமா?" என்று கேட்டார். "ஏன் செல்லாது அண்ணாச்சி? இந்தியா பூரா ஒரே அரசியல் சட்டம்தானே!" என்றேன். சட்டம் தெரிந்தவன் மாதிரி சொன்னேன். அதை நம்பி மாநில ஒதுக்கீட்டுக்கு மட்டும் விண்ணப்பித்தார்கள். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் அந்தக் காகிதம் செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் மற்ற வழிகளுக்கான கடைசித் தேதிகளும் போய்விட்டன. அங்கிருந்த ஊழியர் மேல் குற்றமில்லை, அவர் விதியைப் பார்த்துச் செய்தார். விதி தெரியாமல் வாய் திறந்தவன் நான்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேடிப் படித்தேன். நான் வழக்கறிஞன் அல்ல. ஒரு நூலைப் படிப்பதுபோல, எங்கே தெளிவாகப் பேசுகிறது, எங்கே தயங்குகிறது, எதைப் பேசாமல் விடுகிறது என்று பார்த்தேன். அந்த வாசிப்பைத்தான் இங்கே வைக்கிறேன்.

1990: தந்தைக்கு உண்டு, மகனுக்கு இல்லை

முதல் தீர்ப்பு நம் ஊர்க் கதை. மர்ரி சந்திரசேகர ராவ் எதிர் டீன், சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி என்பது வழக்கின் பெயர். கல்லூரி பரேலில் இருக்கிறது. வழக்குப் போட்ட மாணவர் ஆந்திரத்துத் தெனாலியில் பிறந்தவர். அவருடைய சமூகம் ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் இருந்தது. தந்தைக்கு அந்த ஒதுக்கீட்டில் மத்தியப் பொதுத்துறை உர நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மகன் 1978இல், 9 வயதில், பம்பாய்க்கு வந்தார். இங்கேயே படித்து, இங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு தேறி, பழங்குடி ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கேட்டார். கிடைக்கவில்லை.

1990 மே 2ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அரசியல் சட்டத்தின் 341, 342ஆம் பிரிவுகள் சாதிகளையும் பழங்குடிகளையும் ஒவ்வொரு மாநிலத்தையும் பொறுத்துத்தான் பட்டியலிடுகின்றன. ஆகவே ஒரு மாநிலத்துப் பட்டியலில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குப் போனால் அந்தத் தகுதியைக் கூடவே எடுத்துச் செல்ல முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அவருக்குரிய சலுகை அவர் புறப்பட்டு வந்த மாநிலத்திலும் மத்திய அரசிடமும் உண்டு, வந்து சேர்ந்த மாநிலத்தில் கிடையாது.

இதற்குத் துணையாக, அரசியல் நிர்ணய சபையில் ஜெய்பால் சிங் எழுப்பிய கேள்விக்கு அம்பேத்கர் அளித்த பதிலைத் தீர்ப்பு எடுத்துக் காட்டுகிறது. பழங்குடிப் பகுதியை விட்டு வெளியேறுகிறவர் அந்தப் பகுதிக்குரிய சலுகைகளைச் சுமந்துகொண்டு போக முடியாது என்பது அந்தப் பதிலின் கருத்து. இந்த இடத்தில் என் வாசிப்பு நின்றுவிட்டது. அந்தப் பதில் பழங்குடிப் பகுதியைப் பற்றியது. பழங்குடி வாழ்வு ஒரு மலையோடும் காட்டோடும் கட்டுண்டது என்பது புரிகிறது. ஆனால் தீண்டாமை எந்தத் தாலுகாவோடு கட்டுண்டது? மண்ணைச் சார்ந்த ஒரு நிலைக்குச் சொன்ன பதிலை, மனிதனை ஒட்டிக்கொண்டு வரும் ஒரு நிலைக்கும் அப்படியே பொருத்த முடியுமா? தீர்ப்பு இந்த வேறுபாட்டிடம் போதிய நேரம் நிற்கவில்லை என்பது என் எண்ணம்.

ஆனாலும் அந்தத் தீர்ப்புக்கு ஒரு மனச்சாட்சி உண்டு. சட்டத்தின் சொற்களை இப்படித்தான் படிக்க முடிகிறது என்று சொன்ன பிறகு, இதற்குப் பொருத்தமான சட்டம் இயற்றுவதைப் பற்றி நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் யோசிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கதவை மூடிவிட்டு, சாவி இருக்கும் இடத்தைச் சுட்டிக் காட்டிய தீர்ப்பு அது. நாடாளுமன்றம் இன்றுவரை அந்தச் சாவியை எடுக்கவில்லை.

1994: ஒன்று சேர்ந்தவர்கள்

இரண்டாவது வழக்கின் பெயரிலேயே ஒரு கூட்டணி இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்குச் சாதிச் சான்றிதழ் வழங்குவதற்கான நடவடிக்கைக் குழு என்பதுதான் மனுதாரர். ஒரு மாணவர் தனியாக நின்று தோற்ற இடத்தில், பிற மாநிலங்களிலிருந்து வந்து இங்கே வாழ்கிறவர்களுக்காக ஒரு குழுவே வழக்காடியது. இரண்டு மாநிலத்துப் பட்டியலிலும் ஒரே பெயரில் ஒரு சாதி இருந்தால், அப்போதாவது ஏற்கலாமே என்பது அவர்கள் வைத்த வாதங்களில் ஒன்று.

1994 ஜூலை 15இல் மீண்டும் ஐந்து நீதிபதிகள் மறுத்தார்கள். பெயர் ஒன்றாக இருக்கலாம், ஆனால் ஒரு சாதி அனுபவிக்கும் சமூகத் தாழ்வு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்றார்கள். 2018 ஆகஸ்டு 30இல், பீர் சிங் எதிர் தில்லி ஜல் போர்டு வழக்கில், இன்னொரு ஐவர் அமர்வும் இதே நிலையை உறுதி செய்தது.

மும்பைத் தமிழனுக்கு இதில் இரண்டு பூட்டு. முதல் பூட்டு பெயர். தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள பறையர், பள்ளர் முதலிய பெயர்களை மகாராஷ்டிரப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. இரண்டாவது பூட்டு தேதி. பெயர் இரண்டு பக்கமும் இருந்தாலும், தாழ்த்தப்பட்டோர் பட்டியல் ஆணை வந்த 1950 ஆகஸ்டு 10க்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்ததற்குச் சான்று வேண்டும். குடிசையில் இருந்தவனிடம் 1950க்கு முந்தைய காகிதம் எங்கே இருக்கும்? குடிசைக்கு மாற்று வீடு கேட்டால் 1995 ஜனவரி 1, பிறகு 2000 ஜனவரி 1 என்று தேதி பார்த்துப் பழகிய ஊர் இது. பிள்ளையின் படிப்புக்கும் ஒரு தேதி இருக்கிறது என்பது பலருக்குச் சான்றிதழ் சரிபார்க்கும் மேஜையின் முன்னால் நிற்கும்போதுதான் தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

தீர்ப்பின் பக்கம் இருக்கும் நியாயம்

கோபத்தில் எழுதுவது எளிது. ஆனால் எதிர்த் தரப்பின் நியாயத்தைச் சொல்லாத விமரிசனம் பாதி விமரிசனம்தான். பட்டியல் என்பது உண்மையிலேயே ஊர் சார்ந்தது. நம் தமிழ்நாட்டிலேயே பாருங்கள்: வண்ணார் சமூகம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டைத் தாலுகாவிலும் மட்டும் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது. பழைய திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த பகுதிகள் அவை. 1956இல்தான் நம்மோடு சேர்ந்தன. பக்கத்தில் தென்காசிக்கு வந்தால் அதே சமூகம் வேறு பட்டியலில். ஆகவே "சாதி எங்கேயும் ஒன்றுதான்" என்ற நம் வாதம் நம் சொந்த மாநிலத்திலேயே முழுதாகச் செல்லுபடியாகவில்லை.

இன்னொரு நியாயம் இதைவிடக் கனமானது. மகாராஷ்டிரத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு 13 சதவீதம் ஒதுக்கீடு. வெளி மாநிலத்தவரையும் அதில் சேர்த்தால் பங்கு குறைவது மராட்டிய தலித் பிள்ளைகளுக்கு. "எங்கள் தட்டிலிருந்துதான் எடுப்பீர்களா?" என்று என் மராட்டிய நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு என்னிடம் உடனடி பதில் இல்லை.

வசை எல்லை தாண்டும், இடம் தாண்டாது

இருந்தும் தீர்ப்பு பேசாமல் விட்ட பக்கம் ஒன்று இருக்கிறது. தாராவிக்கு நம் திருநெல்வேலிச் சீமை மக்கள் எப்படி வந்தார்கள்? தோல் பதனிடும் தொட்டிகளில் வேலை செய்ய வந்தார்கள். முதலாளிகளில் பலர் தமிழ் முஸ்லிம்கள். தொட்டியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஊரில் எந்த வேலையைக் காட்டித் தள்ளி வைத்தார்களோ அதே வேலைதான் அவர்களை இங்கே கொண்டுவந்தது. பிறகு எப்படி ஐயா சாதி விக்டோரியா டெர்மினசில் இறங்கும்போது ரயிலிலேயே தங்கிவிட்டது என்று சொல்வது?

நீதிமன்றமே இன்னொரு இடத்தில் இதை ஏற்றிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு ஒருவரின் சொந்த மாநிலத்தோடு முடிந்துவிடுவதில்லை. வேறு மாநிலத்திலும் அவர் அதைக் கோரலாம் என்று 2023இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. சாதியைச் சொல்லி வசை பாடினால் அது மும்பையிலும் குற்றம். அதாவது அவமானம் எல்லை தாண்டி வருகிறது என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. அதற்கான ஈடு மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது.

நடைமுறையில் இது என்ன ஆகிறது? தாராவிப் பெண் ஒருத்தி பவாயில் இருக்கும் ஐ.ஐ.டி.க்கு விண்ணப்பித்தால் அவள் தாழ்த்தப்பட்ட வகுப்பு; அது மத்திய நிறுவனம். வீட்டுக்குப் பக்கத்தில் சயான் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால்? அங்கே 15 சதவீதம் அகில இந்திய இடங்களில் அவள் தாழ்த்தப்பட்ட வகுப்பு. மீதி 85 சதவீத மாநில இடங்களில் பொதுப்பிரிவு. ஒரே கல்லூரி, ஒரே வகுப்பறை, ஒரே பெண், இரண்டு வாசல். என் மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். அகில இந்திய வாசல் திறந்திருந்தது. நான் மூடிய வாசலுக்கு அவளை அனுப்பினேன்.

"ஊருக்குப் போய்ப் படிக்கலாமே" என்பார்கள். தமிழ்நாட்டில் எட்டு முதல் பன்னிரண்டு வரை படிக்காத பிள்ளையிடம் பிறப்பிடச் சான்றிதழ், அதாவது நேட்டிவிட்டி, கேட்பார்கள். தாராவியில் பிறந்த பிள்ளை எந்த ஊருக்கு நேட்டிவ்? சாதியால் தமிழ்நாடு, வசிப்பிடத்தால் மகாராஷ்டிரம். இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது.

நம் முகத்துக்கு ஒரு கண்ணாடி

இனி நம்மைப் பற்றி. சங்க மலரில் இதைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் இங்கே சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

மாநிலம்தான் அளவுகோல் என்ற இதே கருத்து, நமக்கு இன்னொரு இடத்தில் பெரும் நன்மை செய்திருக்கிறது. 2002 அக்டோபர் 31இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள், மொழிச் சிறுபான்மை யார் என்பதை மாநிலத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். ஆகவே தமிழ்நாட்டில் பெரும்பான்மையான தமிழன் மகாராஷ்டிரத்தில் சிறுபான்மை. 30ஆம் பிரிவின்படி சொந்தக் கல்வி நிறுவனம் நடத்தலாம். 2005ஆம் ஆண்டின் 93ஆவது திருத்தம் கொண்டுவந்த 15(5)ஆம் பிரிவு, சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களைச் சாதி ஒதுக்கீட்டிலிருந்து விலக்கிவைத்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்தை ஏழை, பின்தங்கிய பிள்ளைகளுக்கு வைக்கச் சொன்னது. 2014 மே 6இல் வந்த பிரமதி தீர்ப்பு சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அதிலிருந்தும் விலக்களித்தது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அந்த விலக்கு சரியா என்று ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு பரிசீலிக்க வேண்டும் என்றார்கள்.

சேர்த்துப் பாருங்கள். எல்லை தாண்டி வந்ததால் மாட்டுங்காத் தமிழனுக்கு ஓர் உரிமை புதிதாகக் கிடைத்தது. எல்லை தாண்டி வந்ததால் தாராவித் தமிழனுக்கு இருந்த உரிமை போனது. இருவரும் வந்தது ஒரே ரயிலில். மொழி என்ற மூட்டையை இறக்கி வைக்கச் சட்டம் இடம் கொடுத்தது. சாதி என்ற சுமையைப் பற்றிக் கேட்டால் "அது உன் ஊர் விவகாரம்" என்றது.

1966இல் சிவசேனை தொடங்கி, தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று கூச்சலிட்டபோது, "இந்தியன் இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் வாழலாம்" என்று நாம் சொன்னோம். சரியாகச் சொன்னோம். என் அப்பா அந்த நாட்களில் அலுவலகத்திலிருந்து இருட்டுவதற்கு முன்னால் வீடு திரும்புவார். அம்மா வாசலில் நிற்பாள். அந்த பயம் எனக்குத் தெரியும். ஆனால் கல்லும் வசையும் அப்போது மாட்டுங்கா, தாராவி என்று பிரித்துப் பார்க்கவில்லை. அடி வாங்கும்போது ஒரே தமிழர்களாக இருந்தோம். சான்றிதழ் என்று வந்தபோது, அது அவர்கள் பிரச்சினை என்று இருந்துவிட்டோம். என் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய மலர்களை இதற்காகப் புரட்டினேன். கம்பன் உண்டு, கர்நாடக இசை உண்டு, பட்டம் பெற்ற பிள்ளைகளின் படங்கள் உண்டு. இந்தத் தீர்ப்புகளைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை. அந்த மலர்களில் சிலவற்றில் நானும் எழுதியிருக்கிறேன்.

கூட்டு என்றால் என்ன

வேறொரு நாட்டு உதாரணம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டைலர் என்ற ஊரில், முறையான குடியேற்றக் காகிதம் இல்லாத குழந்தைகள் அரசுப் பள்ளியில் படிக்க 1977இல் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் விதித்தார்கள். சில மெக்சிகோ குடும்பங்கள், நாடு கடத்தப்படும் ஆபத்தோடு, நீதிமன்றம் போயின. அவர்களைவிட நல்ல நிலையில் இருந்த, குடியுரிமை பெற்ற மெக்சிகோ அமெரிக்கர்களின் சட்ட அமைப்பு வழக்கை எடுத்து நடத்தியது. 1982இல் பிளைலர் எதிர் டோ வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வென்றார்கள். முன்னால் வந்து நிலைத்தவர்கள் பின்னால் நின்றவர்களுக்காகப் பேசியதில்தான் அந்த வெற்றி.

நம் பக்கத்திலும் ஒரு பாடம் உண்டு. 1956இல் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவியவர்கள், மதம் மாறியதால் மத்தியப் பட்டியலுக்கு வெளியே போனார்கள். மதம் மாறினாலும் சமூகம் எங்களை மாற்றிப் பார்க்கவில்லையே என்று வாதாடினார்கள். 34 ஆண்டுகள் கழித்து, 1990இல், நாடாளுமன்றம் பௌத்தர்களையும் பட்டியலில் சேர்த்தது. மர்ரி சந்திரசேகர ராவ் தீர்ப்பு வந்த அதே ஆண்டு! மதத்தின் எல்லையைச் சாதி தாண்டும் என்று ஒத்துக்கொண்ட நாடாளுமன்றம், மாநில எல்லையைப் பற்றி மட்டும் ஏன் பேசக் கூடாது? அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர்களில் மராட்டிய தலித்துகள் முக்கியமானவர்கள். ஆகவே அவர்கள் நமக்குப் போட்டியாளர் அல்ல, அண்ணன்மார். கேட்கும் முறையில் கேட்டால் புரிந்துகொள்வார்கள். அவர்களுடைய 13 சதவீதத்தில் பங்கு கேட்பது கூட்டு ஆகாது. வந்து குடியேறியவர்களுக்குக் கூடுதல் இடம் உருவாக்கி, அதற்கான செலவை மத்திய அரசு ஏற்கச் சட்டம் வேண்டும் என்று தமிழரும், தெலுங்கரும், கன்னடரும், வடநாட்டாரும், மராட்டியரும் சேர்ந்து கேட்பதுதான் கூட்டு. 1990இல் நீதிமன்றம் நாடாளுமன்றத்தை நோக்கிக் கை காட்டிய திசையும் அதுதான்.

அது வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. மூன்று காரியம் நாமே செய்யலாம். ஒன்று, சங்கத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை ஒரு மேஜை போட்டு, எந்த வாசல் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, எந்தச் சான்றிதழ் எங்கே செல்லும் என்று சொல்ல ஓர் ஆளை உட்கார வைப்பது. இரண்டு, தமிழர் நடத்தும் பள்ளிகள், சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், அந்த 25 சதவீதத்தைத் தாமே முன்வந்து தருவது. விலக்கு என்பது செய்யக் கூடாது என்ற தடை அல்ல. மூன்று, மேலே சொன்ன கூட்டுக் கோரிக்கையில் நம் சங்கத்தின் பெயரும் முத்திரையும் முதல் பக்கத்தில் இருப்பது.

என் மாணவி பிறகு வேறு படிப்புப் படித்து, இப்போது வேலையில் இருக்கிறாள். குறையொன்றுமில்லை என்றுதான் சொல்கிறாள். அவளுடைய அப்பாவைப் போன மாதம் சயான் ஸ்டேஷனுக்கு வெளியே பார்த்தேன். நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை. "அது போவட்டும் சார். எங்க தெருவுல இந்த வருசம் நாலு புள்ளைங்க பன்னெண்டாவது எழுதுது. அதுகளுக்காவது சரியாச் சொல்லிருங்க" என்றார்.

அந்த நாலு பிள்ளைகளுக்காகத்தான் இந்தக் கட்டுரை.